சைலன்சரில் பெட்ரோல் வாடையா? எப்போது வருகிறது என்று முதலில் கவனியுங்கள்

காருக்குப் பின்னால் நின்றால் பெட்ரோல் வாடை குப்பென்று அடிக்கிறது என்று சொன்னதுமே பல ஒர்க்‌ஷாப்புகளில் முதலில் பிளக் மாறும், அடுத்து ஏர் ஃபில்டர் மாறும், அதற்கும் அடங்காவிட்டால் புகையிலுள்ள ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சார் மாறும். மூன்றும் மாறி சில ஆயிரங்கள் போன பிறகும் வாடை அப்படியே இருக்கும். பச்சைப் பெட்ரோல் சைலன்சர் வழியே வெளியே வர பெரும்பாலும் இரண்டு வழிகள்தான் உண்டு. இன்ஜினுக்குள் தேவைக்கு மேல் பெட்ரோல் போக வேண்டும், அல்லது போன பெட்ரோல் எரியாமல் தப்பிக்க வேண்டும். முன்னதை மெக்கானிக்குகள் ‘ரிச்’ என்பார்கள், பின்னதை ‘மிஸ்ஸிங்’ என்பார்கள். மூக்குக்கு இரண்டும் ஒன்றுதான். வாடை எந்த நேரத்தில் வருகிறது, அப்போது வண்டி எப்படி ஓடுகிறது என்பதுதான் இரண்டையும் பிரித்துக் காட்டும்.

கடலூர், புதுச்சேரி வண்டிகளுக்கென்றே இரண்டு விசேஷக் காரணங்கள் உண்டு. ஒன்று உப்புக் காற்று. இன்னொன்று புதுச்சேரி எல்லையோரக் கன்னியக்கோவில், முள்ளோடை பங்க்குகளில் டேங்க்கைக் கழுத்து வரை நிரப்பும் பழக்கம். இரண்டையும் அந்தந்த இடத்தில் பார்க்கலாம்.

வாடை சைலன்சரிலிருந்துதானா?

இதை உறுதி செய்யாமல் எதையும் கழற்ற வேண்டாம். வண்டியை ஓட்டி வந்து நிறுத்தி, இன்ஜினை அணைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். பிறகு நான்கு இடங்களில் முகர்ந்து பாருங்கள்: பெட்ரோல் மூடி, பின் இருக்கைக்கு அடியில் பம்ப் இருக்கும் இடம், பானெட்டுக்குள் பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டர் வரிசை, பின் சக்கரத்துக்கு மேலே டேங்க்குக்குப் போகும் குழாய். இன்ஜின் அணைந்த பிறகும் வாடை இருந்தால் அது புகையின் வாடை இல்லை, கசிவு.

கடலோர வண்டிகளில் கடைசியாகச் சொன்ன அந்தக் குழாயை யாரும் பார்ப்பதில்லை. பின் சக்கரம் வாரி அடிக்கும் உப்புச் சேறு அதன் மேல் அப்பிக்கொண்டே இருக்கும். இரும்புக் குழாயாக இருந்தால் துரு உள்ளே அரித்து ஊசித் துளை விழும். டேங்க் முக்கால்வாசிக்கு மேல் இருக்கும்போது மட்டும் வாடை, பாதிக்குக் கீழே இறங்கியதும் வாடை இல்லை என்றால் அங்கேதான் பார்க்க வேண்டும். சக்கரத்தின் உள்பக்கப் பிளாஸ்டிக் மறைப்பைக் கழற்றினால் கண்ணுக்கே தெரியும்.

சொட்டுச் சொட்டாக பெட்ரோல் விழுவதைப் பார்த்தால் வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள். பேட்டரியின் நெகட்டிவ் முனையை 10 மி.மீ. ஸ்பேனரால் கழற்றிவிட்டு, டோ செய்துதான் கொண்டுபோக வேண்டும்.

இன்ஜின் ஓடும்போது மட்டும், அதுவும் பின்னால் மட்டும் வாடை வந்தால் தொடர்ந்து படியுங்கள். ஒன்றை மறக்காதீர்கள். ரிச்சாக ஓடும் வண்டி பெட்ரோல் வாடையோடு கார்பன் மோனாக்சைடையும் கக்கும். அதற்கு வாடையே கிடையாது, ஆளைக் கொல்லும். மூடிய ஷெட்டில் வைத்து எந்தச் சோதனையும் செய்யாதீர்கள். டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு ஓட்டுவதும் ஆபத்து, புகை அப்படியே உள்ளே இழுக்கப்படும்.

இரண்டு மலிவான கருவிகள்

முதலாவது, பங்க் ஓரத்தில் இருக்கும் புகைச் சோதனை மையம். எல்லாரும் சான்றிதழை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள், அதில் இருக்கும் எண்களைப் பார்ப்பதில்லை. நோயைச் சொல்வது அந்த எண்கள்தான். வண்டியைப் பத்து கிலோமீட்டராவது ஓட்டிச் சூடாக்கிக்கொண்டு போய், கார்பன் மோனாக்சைடு எத்தனை சதவீதம், ஹைட்ரோகார்பன் எத்தனை பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிஎஸ்4 (அரசின் புகை விதிகளில் ஒரு நிலை) மற்றும் அதற்குப் பிந்தைய பெட்ரோல் கார்களுக்கு ஐடிலிங்கில், அதாவது ஆக்சிலரேட்டரைத் தொடாமல் ஓடும்போது, வரம்பு முறையே 0.3 சதவீதம், 200 பிபிஎம். பிஎஸ்2, பிஎஸ்3 வண்டிகளுக்கு 0.5 சதவீதம், 750 பிபிஎம்.

கார்பன் மோனாக்சைடு எகிறி, ஹைட்ரோகார்பன் ஓரளவே கூடியிருந்தால் வண்டி ரிச். கார்பன் மோனாக்சைடு சாதாரணமாக இருக்க, ஹைட்ரோகார்பன் மட்டும் பல நூறுகளுக்குப் போனால் மிஸ்ஸிங். 2500 ஆர்பிஎம் சோதனையில், காற்றும் பெட்ரோலும் கலந்த விகிதத்தைக் காட்டும் லாம்ப்டா என்றொரு எண்ணும் வரும். அது 0.97-க்கும் 1.03-க்கும் இடையில் இருக்க வேண்டும். கீழே போனால் ரிச். மேலே போனால் மிஸ்ஸிங், அல்லது சைலன்சரில் ஓட்டை விழுந்து வெளிக்காற்று நுழைகிறது. ஒரு நுணுக்கம்: புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் நல்ல நிலையில் இருந்தால் சிறிய கோளாறுகளை அது மறைத்துவிடும். எண்கள் நன்றாக இருப்பதால் மட்டும் இன்ஜின் சரியென்று முடிவு கட்ட முடியாது.

இரண்டாவது, ஓபிடி ஸ்கேனர். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் செருகி, ப்ளூடூத்தில் செல்போனோடு சேர்க்கும் ஈஎல்எம் 327 வகையே இந்த வேலைக்குப் போதும். வண்டியின் கம்ப்யூட்டர் பதிந்து வைத்த கோளாறுக் கோடுகளை (குறியீடுகளை) படித்து எழுதிக்கொள்ளும் முன் பேட்டரியைக் கழற்றாதீர்கள், எல்லாம் அழிந்துபோகும். பி0172 என்றால் ரிச். பி0300 முதல் பி0304 வரை மிஸ்ஸிங், கடைசி எண் சிலிண்டரைச் சொல்லும். பி0420 என்றால் கேட்டலிட்டிக் சரியாக வேலை செய்யவில்லை.

கோடே இல்லாவிட்டாலும் ஃப்யூயல் டிரிம் என்ற எண்ணைப் பாருங்கள். கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது (பிளஸ்), குறைக்கிறது (மைனஸ்) என்பதுதான் அது. இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மனப்பாடம் செய்வதென்றால் இதைச் செய்யுங்கள். வாடையும் இருந்து, லாங் டெர்ம் டிரிம் மைனஸில் 10-க்கு மேல் இருந்தால், எங்கிருந்தோ பெட்ரோல் அதிகம் வருகிறது, கம்ப்யூட்டர் குறைக்கப் பார்த்தும் முடியவில்லை என்று பொருள். வாடையும் இருந்து, டிரிம் பிளஸ்ஸில் 10-க்கு மேல் இருந்தால் கம்ப்யூட்டரே ஏமாந்து பெட்ரோலைக் கூட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டும் நேர் எதிர்க் கோளாறுகள். முதலாவதற்கு இன்ஜெக்டர், கேனிஸ்டர், பிரஷர் பக்கம் போக வேண்டும். இரண்டாவதற்கு மிஸ்ஸிங், சைலன்சர் ஓட்டை, ஆக்சிஜன் சென்சார் பக்கம் போக வேண்டும்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் ஒரு நிமிடம் மட்டும்

இது கோளாறு இல்லை. குளிர்ந்த இன்ஜினுக்குக் கம்ப்யூட்டர் கொஞ்சம் கூடுதலாகப் பெட்ரோல் கொடுக்கும். கேட்டலிட்டிக் வேலை செய்யத் தொடங்க 250 முதல் 300 டிகிரி சூடு வேண்டும், அதுவரை வருவது வடிகட்டாத புகை. ஆனால் நம் ஊர் ஊட்டி இல்லை. மார்கழி விடியலிலும் 20 டிகிரிக்கு அக்கம்பக்கம்தான். இங்கே இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் வாடை நீடித்தால் ‘குளிர்தானே’ என்று விட்டுவிடக் கூடாது.

முத்தியால்பேட்டையிலிருந்து நேரு வீதி வரை போய்த் திரும்புவதோடு சரி என்று ஓடும் வண்டிகளில் இன்ஜின் முழுச் சூட்டுக்கே வருவதில்லை. பிளக்கில் கரி ஏறும், பெட்ரோல் ஆயிலில் இறங்கும். வாரம் ஒருமுறை புதுச்சேரியிலிருந்து கடலூர் போய்த் திரும்பும் தூரத்துக்கு நிறுத்தாமல் ஓட்டினாலே பாதி சரியாகும்.

பெட்ரோல் போட்டுவிட்டுக் கிளம்பினால் மட்டும்

புதுச்சேரியில் வரி குறைவு என்பதால் பெட்ரோல் விலை தமிழ்நாட்டைவிடக் குறைவு. கடலூர்க்காரர்கள் எல்லை தாண்டி வந்து ஃபுல் டேங்க் போடுவது இயல்பு. சிக்கல் ஃபுல் டேங்க்கில் இல்லை, அதற்குப் பிறகு நடப்பதில் இருக்கிறது. பம்ப் துப்பாக்கி ‘டக்’கென்று தானாக நின்ற பிறகு, ‘இன்னும் கொஞ்சம் பிடிக்கும்ணா, விடுங்க’ என்று வண்டியை ஆட்டி ஆட்டி ஒன்றிரண்டு லிட்டர் ஊற்றுவார்கள்.

டேங்க்கில் உருவாகும் பெட்ரோல் ஆவியைப் பிடித்து வைக்கக் கரித்தூள் நிரப்பிய டப்பா ஒன்று இருக்கிறது. அதுதான் கேனிஸ்டர். ஆவியைப் பிடிக்க மட்டும் செய்தது அது. டேங்க்கின் மேல்பகுதியில் விட வேண்டிய காலி இடத்தையும் நிரப்பினால், பெட்ரோல் திரவமாகவே கேனிஸ்டருக்குள் இறங்கும். பிறகு வண்டி ஓடும்போது பர்ஜ் வால்வு திறந்து அதையெல்லாம் இன்ஜினுக்குள் உறிஞ்சும். கம்ப்யூட்டர் கணக்கில் இல்லாத பெட்ரோல் இது. பங்க்கிலிருந்து கிளம்பும்போது ஸ்டார்ட் ஆக அடம்பிடிப்பது, ஐடிலிங்கில் திணறுவது, அடுத்த சில பத்து கிலோமீட்டருக்கு வாடை: மூன்றும் சேர்ந்து வந்தால் சந்தேகமே வேண்டாம்.

பர்ஜ் வால்வைச் சோதிப்பது எளிது. குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து ஐடிலிங்கில் விடுங்கள். வால்விலிருந்து கேனிஸ்டருக்குப் போகும் ரப்பர் குழாயைக் கழற்றி, வால்வின் வாயில் விரலை வையுங்கள். அந்த நேரத்தில் உறிஞ்சல் இருக்கவே கூடாது. விரலை இழுத்தால் வால்வு திறந்தபடியே மாட்டிக்கொண்டிருக்கிறது. கழற்றிக் கையில் வைத்து ஊதிப் பார்த்தாலும் தெரியும்: மின்சாரம் இல்லாமல் காற்று போகக் கூடாது, 12 வோல்ட் கொடுத்தால் ‘க்ளிக்’ என்று திறந்து போக வேண்டும். கேனிஸ்டரைக் கையில் எடுத்துக் குலுக்கினால் திரவம் சலசலத்தாலோ, குழாயிலிருந்து கரித்தூள் கொட்டினாலோ அதை மாற்ற வேண்டியதுதான்.

லேசாக நனைந்திருந்தால் மாற்ற வேண்டாம். அடுத்த இரண்டு மூன்று முறை துப்பாக்கி நின்றதும் நிறுத்திக்கொள்ளுங்கள், ஓட்டத்தில் தானாகக் காயும். அந்த ஒன்றிரண்டு லிட்டரில் மிச்சமாகும் காசு ஒரு டீ, வடைக்குத்தான் வரும். கேனிஸ்டர் ஆயிரக்கணக்கில்.

வாடையோடு நடுக்கமும் இருக்கிறது

ஐடிலிங்கில் ஸ்டீயரிங் அதிர்கிறது, சைலன்சர் சத்தம் சீராக இல்லாமல் ‘புப்… புப்’ என்று இடறுகிறது, ஆக்சிலரேட்டரை மிதித்தால் இழுவை இல்லை. ஏதோ ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை. அந்தச் சிலிண்டருக்குள் தெளித்த பெட்ரோல் எரியாமல் அப்படியே வெளியே வருகிறது. எரியாத காற்றிலிருந்த ஆக்சிஜனும் கூடவே வருவதால், ஆக்சிஜன் சென்சார் ‘பெட்ரோல் போதவில்லை’ என்று தவறாகச் சொல்லும். கம்ப்யூட்டர் அதை நம்பி எல்லாச் சிலிண்டருக்கும் இன்னும் ஊற்றும். வாடை இரட்டிப்பாகும். டிரிம் பிளஸ்ஸில் போவது இதனால்தான். இந்த நேரத்தில் ஆக்சிஜன் சென்சாரை மாற்றுவது, கெட்ட செய்தி கொண்டுவந்த தபால்காரரை மாற்றுவது போல. அது பார்த்ததைத்தான் சொன்னது.

செக் இன்ஜின் விளக்கு எரிந்துகொண்டே இருப்பது வேறு, மின்னி மின்னி எரிவது வேறு. மின்னினால் வண்டியை ஓரங்கட்டுங்கள். எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக்குக்குள் போய் அங்கே எரியும். உள்ளே இருக்கும் பீங்கான் தேன்கூடு உருகி அடைத்துக்கொள்ளும். சில நூறு ரூபாய் பிளக்கோடு முடிய வேண்டியது பல்லாயிரத்தில் போய் நிற்கும்.

எந்தச் சிலிண்டர் என்று கண்டுபிடிக்கக் கோடு இல்லாவிட்டால், ஒவ்வொரு இன்ஜெக்டரின் வயர் கப்ளராகக் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றும்போது ஐடிலிங் மாறவே இல்லையோ அதுதான் நோயாளி. பல பேர் இதற்கு, பிளக்குக்குப் பொறி மின்சாரம் தரும் காயிலின் கப்ளரைக் கழற்றுவார்கள். அது தவறு, கழற்றியிருக்கும் நேரம் முழுக்கப் பச்சைப் பெட்ரோல் கேட்டலிட்டிக்குக்குப் போகும். இன்ஜெக்டரைக் கழற்றினால் பெட்ரோலே வராது.

அடுத்தது காயில் மாற்றுச் சோதனை. இன்ஜின் ஆறட்டும். 10 மி.மீ. போல்ட்டைக் கழற்றி, 3-ஆம் சிலிண்டர் மேல் சந்தேகம் என்றால் அதன் காயிலை 1-ஆம் சிலிண்டரிலும், 1-இன் காயிலை இங்கேயும் மாற்றிப் போடுங்கள். கோடுகளை அழித்து ஓட்டுங்கள். பி0303 இருந்த இடத்தில் பி0301 வந்தால் காயில் போய்விட்டது. பி0303 அப்படியே இருந்தால் அடுத்து பிளக்கை இதே மாதிரி இடம் மாற்றுங்கள், அதன் பிறகு இன்ஜெக்டரை. ஒரு ரூபாய் செலவில்லாத வேலை.

தேவனாம்பட்டினம், கடலூர் துறைமுகம், வைத்திக்குப்பம் போலக் கடலையொட்டி நிற்கும் வண்டிகளில் காயில் நன்றாகவே இருக்கும், கப்ளர் போயிருக்கும். கழற்றிப் பாருங்கள், பின்களில் பச்சை பூத்திருக்கும். காண்டாக்ட் கிளீனர் அடித்து, மெல்லிய பிரஷால் தேய்த்து, காய்ந்ததும் டைஎலக்ட்ரிக் கிரீஸ் துளி வைத்து மாட்டுங்கள். உப்புத்தாளைப் போட்டுத் தேய்க்காதீர்கள், பின்னின் மேல்பூச்சு போய் ஒரே மாதத்தில் மறுபடி பூக்கும். இன்ஜினிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டையின் இரண்டு முனைகளையும் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். சிலிண்டர் மாறி மாறி மிஸ்ஸிங் அடித்தால் முதல் சந்தேகம் அந்தப் பட்டையின் மேல்தான் இருக்க வேண்டும்.

பிளக்கைக் கழற்றும் முன் குழிக்குள் காற்றடித்துத் தூசியை வெளியேற்றுங்கள். அலுமினிய ஹெட் என்பதால் சூட்டில் கழற்றக் கூடாது, மரை பெயர்ந்து வரும். பெரும்பாலான வண்டிகளுக்கு 16 மி.மீ. பிளக் சாக்கெட். முனை வெளிர் பழுப்பாக இருந்தால் நலம். காய்ந்த கரியாக, தொட்டால் கையில் மை போல ஒட்டினால் ரிச். நனைந்து பெட்ரோல் வாடை அடித்தால் பொறி வரவில்லை. எண்ணெய்ப் பசையோடு இருந்தால் ரிங் அல்லது வால்வு சீல். நாலும் ஒரே மாதிரி கறுத்திருக்கிறதா, ஒன்று மட்டுமா என்பது முக்கியம். நாலும் கறுத்தால் கோளாறு பொதுவானது, ஒன்று மட்டும் என்றால் அந்தச் சிலிண்டருக்கே உரியது.

இடைவெளி பெரும்பாலும் 0.8 முதல் 1.1 மி.மீ.க்குள், உங்கள் வண்டிக் கையேட்டில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் சட்டம். இரிடியம் பிளக்கைக் கம்பி பிரஷால் தேய்க்காதீர்கள். புதியதைக் கையால் முழுக்கத் திருகிவிட்டு, உட்கார்ந்ததும் அரைச் சுற்று முடுக்கினால் போதும். பழையதையே மாட்டினால் அரைச் சுற்றே அதிகம், பன்னிரண்டில் ஒரு பங்கு சுற்றுதான்.

காயில், பிளக், இன்ஜெக்டர் மூன்றும் சரியென்றால் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம்) பார்க்க வேண்டும். பெட்ரோல் பம்ப் ஃபியூஸைக் கழற்றி, எல்லாக் காயில் கப்ளரையும் எடுத்துவிட்டு, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி ஐந்தாறு சுற்று கிராங்க் செய்யுங்கள். சிலிண்டர்களுக்கிடையே 1 பாருக்கு மேல் வித்தியாசம் வரக் கூடாது. குறைந்ததில் ஒரு தேக்கரண்டி இன்ஜின் ஆயில் விட்டுத் திரும்பப் பாருங்கள். ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது, ஏறாவிட்டால் வால்வு.

நடுக்கம் இல்லை, ஆனால் மைலேஜ் போச்சு, சைலன்சர் முனை கரி

சைலன்சர் முனையில் விரலை வைத்துத் தேய்த்தால் மெத்தென்று கரி ஒட்டும். 16, 17 கொடுத்த வண்டி 11-க்கு இறங்கியிருக்கும். உண்மையான ரிச் இதுதான். நம் பக்கத்தில் இதற்கு அதிகம் அகப்படும் காரணம் புத்தகத்தில் முதலில் இருக்காது: தெர்மோஸ்டாட், அதாவது இன்ஜின் சூடாகும் வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் மூடியிருக்கும் வால்வு.

‘வெயில் ஊரு சார், வண்டி ஹீட் ஆகாம இருக்க வால்வைக் கழட்டிப் போட்டுட்டேன்’ என்று சொல்லும் கைகள் இன்னும் இருக்கின்றன. தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின் நெடுஞ்சாலையில் 80 டிகிரியைத் தொடாது. கம்ப்யூட்டர் ‘இன்னும் குளிராக இருக்கிறது’ என்று நினைத்துக் கூடுதல் பெட்ரோலைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். ஸ்கேனரில் கூலன்ட் வெப்பநிலையைப் பாருங்கள். பத்து நிமிட ஓட்டத்தில் 80-ஐத் தாண்டி, 85 - 95 பக்கம் நிலைக்க வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது 60, 65-க்கு இறங்கினால் தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டியிருக்கிறது அல்லது அங்கே இல்லவே இல்லை. கம்பெனி சொன்ன வெப்பநிலைக்கே உரிய புது தெர்மோஸ்டாட்டைப் போடுங்கள். வண்டி உண்மையிலேயே ஹீட் ஆனால் ரேடியேட்டரைப் பாருங்கள், ஃபேனைப் பாருங்கள். அதற்கு இது மருந்து இல்லை.

அடுத்தது கூலன்ட் சென்சார். இரவு முழுக்க நின்ற வண்டியில் காலையில் சாவியைப் போட்டதும் ஸ்கேனர் காட்டும் கூலன்ட் வெப்பநிலையும், உள்ளே வரும் காற்றின் வெப்பநிலையும் சில டிகிரி வித்தியாசத்துக்குள் இருக்க வேண்டும். காற்று 29 என்று இருக்க, கூலன்ட் மைனஸ் 30 என்று காட்டினால் வயர் அறுந்திருக்கிறது, அல்லது கப்ளரில் பச்சை பூத்திருக்கிறது. சாவி போட்டவுடனேயே ரேடியேட்டர் ஃபேன் ஓடுவதும் அதே அறிகுறி. மல்டிமீட்டர் இருந்தால் சென்சாரை அளக்கலாம். பெரும்பாலானவை 20 டிகிரியில் 2,000 முதல் 3,000 ஓம், 80 டிகிரியில் சுமார் 300 ஓம் காட்டும். சூடு ஏற ஏற ஓம் இறங்க வேண்டும்.

ஏர் ஃபில்டர் அடைத்தால் ரிச் ஆகும் என்பது கார்புரேட்டர் காலத்துப் பேச்சு. இன்ஜெக்‌ஷன் வண்டியில் உள்ளே வரும் காற்றை அளந்துதான் பெட்ரோல் போகிறது. ஃபில்டர் அடைத்தால் இழுவை போகும், வாடை வராது. அதை மாற்றுங்கள், ஆனால் வாடைக்கு மருந்து என்று நினைத்து மாற்றாதீர்கள். மேப் சென்சார் (இன்ஜின் உறிஞ்சும் காற்றின் அழுத்தத்தை அளப்பது) உள்ள வண்டிகளில் அதற்குப் போகும் ரப்பர் குழாய் வெடித்திருந்தாலோ, சென்சார் அடியிலுள்ள ஓரிங் காய்ந்து காற்று புகுந்தாலோ, இன்ஜின் சுமை இழுப்பதாகக் கம்ப்யூட்டர் நினைத்து ரிச்சாக்கும். சூடான ஐடிலிங்கில் மேப் அளவு பெரும்பாலான வண்டிகளில் 30 - 40 கிலோபாஸ்கல் இருக்கும். 50, 60 காட்டினால் அங்கே தேடுங்கள்.

எத்தனால் கலந்த பெட்ரோலின் மேல் பழி போடுபவர்கள் அதிகம். எத்தனாலுக்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறது. தூய பெட்ரோலுக்கு ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று என்றால், 20 சதவீத எத்தனாலுக்குச் சுமார் 13.5 போதும். அது டிரிம்மைப் பிளஸ் பக்கம்தான் தள்ளும். டிரிம் மைனஸ் 18 என்று காட்டும் வண்டியில் எத்தனாலைத் திட்டிப் பயனில்லை.

டிரிம் பிளஸ்ஸில் இருக்கிறது, மிஸ்ஸிங் இல்லை, ஆனாலும் வாடை வருகிறது என்றால் சைலன்சரின் முன்பகுதியைப் பாருங்கள். மேனிஃபோல்ட் கேஸ்கெட், பின்னல் போட்ட ஃபிளெக்ஸ் பைப், முதல் சென்சாருக்கு முன்னாலுள்ள வெல்டிங், இவற்றில் உப்பு துருவால் ஓட்டை விழுந்திருந்தால் வெளிக்காற்று உள்ளே போய்ச் சென்சாரை ஏமாற்றும். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்து, கனத்த துணியால் சைலன்சர் வாயைச் சில நொடி அடைக்கச் சொல்லி, முன்னால் காது கொடுங்கள். ‘உஸ்’ என்று எங்கே கேட்கிறதோ அங்கே. சோப்பு நீர் தெளித்தால் குமிழி வரும்.

கடைசியாக ஆக்சிஜன் சென்சார். பழைய வகை என்றால் சூடான இன்ஜினில் 0.1 முதல் 0.9 வோல்ட் வரை ஏறி இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு வேக்குவம் குழாயைக் கழற்றினால் 0.2-க்குக் கீழே விழ வேண்டும், ஆக்சிலரேட்டரைப் பட்டென்று மிதித்தால் 0.8-க்கு ஏற வேண்டும். இரண்டுக்கும் அசையாமல் கிடந்தால்தான் அது செத்தது. பிஎஸ்6 வண்டிகள் பலவற்றில் முன் சென்சார் வேறு வகை, அங்கே வோல்ட் பார்க்காமல் ஸ்கேனர் காட்டும் லாம்ப்டாவைப் பாருங்கள்.

சூட்டோடு நிறுத்தி, அரை மணி கழித்து எடுத்தால்

காலையில் நன்றாக ஸ்டார்ட் ஆகும். கடைக்குப் போய்த் திரும்பி வந்து எடுத்தால் நீளமாகக் கிராங்க் ஆகி, கறும்புகையும் வாடையுமாகப் பிடிக்கும், கொஞ்ச தூரத்தில் சரியாகும். ஒழுகும் இன்ஜெக்டரின் குணம் இது. அணைத்த பிறகும் குழாயில் அழுத்தம் இருக்கும், அது சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கிவிடுகிறது.

பிரஷர் கேஜ் போட்டால் பெரும்பாலான வண்டிகளில் 3 முதல் 4 பார் காட்டும். அணைத்துப் பத்து நிமிடத்துக்குள் மளமளவென்று இறங்கினால் இன்ஜெக்டர் அல்லது பம்ப்பிலுள்ள ஒருவழி வால்வு. ஒரு மணி நேரம் கழித்து பிளக்குகளைக் கழற்றினால் ஒன்று மட்டும் நனைந்திருக்கும், அதுதான் இன்ஜெக்டர். நாலும் காய்ந்திருந்தால் பம்ப் பக்கம் போங்கள். டெஸ்ட் பெஞ்சில் போட்டுப் பார்க்கும்போது ஒரு நிமிடத்துக்கு ஒரு சொட்டுக்கு மேல் விழக் கூடாது. அல்ட்ராசோனிக் சுத்தம் அழுக்கால் ஒழுகுவதைச் சரிசெய்யும், தேய்ந்து ஒழுகுவதைச் செய்யாது. திரும்ப மாட்டும்போது புது ஓரிங், அதன் மேல் ஒரு துளி ஆயில். பழைய ஓரிங்கையே போட்டால் சைலன்சர் வாடை போய் பானெட் வாடை வரும், அது தீயில் முடியும்.

பெட்ரோல் அதிகமாகிப் பிடிக்காமல் நிற்கும் இன்ஜினுக்கு ஒரு தந்திரம்: ஆக்சிலரேட்டரை அடியோடு மிதித்தபடி கிராங்க் செய்யுங்கள். பெரும்பாலான இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் அப்போது பெட்ரோல் நின்று, காற்று மட்டும் போய் உலரும்.

மழை, வெள்ளத்துக்குப் பிறகு

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை மூழ்கடித்தது போன்ற நாட்களுக்குப் பின் வரும் வாடைக்குக் காரணம் பெரும்பாலும் மிஸ்ஸிங்தான். பிளக் குழிக்குள் தண்ணீர், கப்ளருக்குள் ஈரம், இல்லாவிட்டால் பெட்ரோலில் தண்ணீர். எத்தனால் கொஞ்சம் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், அளவு மீறினால் தண்ணீரோடு சேர்ந்து பிரிந்து டேங்க் அடியில் தங்கும். பம்ப் முதலில் இழுப்பதும் அதைத்தான். கண்ணாடிப் பாட்டிலில் கால் லிட்டர் எடுத்து ஒரு மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் தனி அடுக்கு தெரிந்தால் டேங்க்கைக் காலி செய்துதான் ஆக வேண்டும், மேலே புதுப் பெட்ரோல் ஊற்றிக் கலக்கிச் சரிக்கட்ட முடியாது. ஏர் ஃபில்டர் நனைந்திருந்தால் கிராங்க் செய்யவே வேண்டாம். இன்ஜினுக்குள் தண்ணீர் போயிருந்தால் கனெக்டிங் ராடு வளையும்.

எல்லாம் சரி, வாடை மட்டும் இருக்கிறது

டிரிம் சரி, நடுக்கம் இல்லை, மைலேஜ் குறையவில்லை. கேட்டலிட்டிக் செத்திருக்கும், அல்லது யாரோ ‘அடைச்சிருக்கு’ என்று உள்ளே இருந்ததை உடைத்துக் கொட்டியிருப்பார்கள். செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்கியவர்கள் முதலில் இதைப் பாருங்கள்: கன்வர்ட்டரைத் தட்டினால் காலி டப்பா சத்தம் வரும். ஸ்கேனரில் பின் சென்சார் முன் சென்சாரைப் போலவே துள்ளினால் அது வேலை செய்யவில்லை. மாற்றலாம், ஆனால் அது சாகக் காரணமான ரிச்சையோ மிஸ்ஸிங்கையோ சரிசெய்யாமல் புதியதைப் போட்டால் அதுவும் சில மாதத்தில் போகும்.

எல்பிஜி, சிஎன்ஜி கிட் போட்ட வண்டியில் ஒரு சுலபமான சோதனை உண்டு. கேஸில் நன்றாக ஓடி பெட்ரோலில் மட்டும் வாடை வந்தால் இன்ஜெக்டர். இரண்டிலும் எரியாத எரிபொருள் வாடை வந்தால் பிளக், காயில், வால்வு. கார்புரேட்டர் வண்டி வைத்திருப்பவர்களுக்குச் சோக் முழுக்கத் திறக்கிறதா, மிதவை ஊசி ஒழுகுகிறதா என்ற இரண்டு கேள்விகளே போதும்.

சரிசெய்த பிறகு

ஆயில் கேஜை எடுத்து முகருங்கள். பெட்ரோல் வாடை அடித்தாலோ, ஆயில் மட்டம் மேல் கோட்டைத் தாண்டியிருந்தாலோ ஃபில்டரோடு ஆயிலை மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் ஆயிலிலிருந்து எழும் பெட்ரோல் ஆவி மறுபடி இன்ஜினுக்குள்ளேயே போய், சரிசெய்த வண்டியும் ரிச் என்று காட்டும். பெட்ரோல் கலந்து நீர்த்த ஆயில் பேரிங்கையும் தின்னும்.

பிறகு கோடுகளை அழித்து, டவுனும் நெடுஞ்சாலையும் கலந்து 100 கிலோமீட்டராவது ஓட்டி, லாங் டெர்ம் டிரிம் பிளஸ் மைனஸ் 5-க்குள் வந்துவிட்டதா என்று பாருங்கள். வந்திருந்தால் அதே புகைச் சோதனை மையத்துக்குப் போய், முதலில் எழுதி வைத்த எண்களுக்குப் பக்கத்தில் புது எண்களை எழுதுங்கள்.